நாற்பத்தோராவது பெயர்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாது. குளிருக்கு எத்தனை பருத்திச் சட்டை வேண்டுமானாலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மூட்டைபோல வரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. கம்பளி மட்டும் ஆகாது. அந்த விதியை எழுதி வாசல் கதவில் ஒட்டியவன் நான்தான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு வாரம் கண்விழித்துச் செய்த சோதனையின் முடிவில் செம்மறியாட்டு ரோமத்தின் புரதம் முதல் இடத்தில் வந்து நிற்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பட்டியல் என்ன பட்டியல் என்பது. கம்பளியில் தொடங்கினால்தான் அது புரியும். நீங்கள் அவசரப்படாமல் எழுதிக்கொள்கிறீர்கள். நானும் அவசரப்படாமல் சொல்கிறேன்.

என் வேலை புரதங்களை எடை போடுவது. கூடத்தின் நடுவில் இரண்டு பீரோ அளவுக்கு ஒரு கருவி இருக்கிறது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நாங்கள் தராசு என்றுதான் சொல்வோம். உயிரணுக்களை அரைத்து, அதிலுள்ள புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே விட்டால், ஒவ்வொரு துண்டின் எடையையும் அது சொல்லும். எடையை வைத்து, எந்தப் புரதத்தின் துண்டு அது என்று கணினி பெயரைக் கண்டுபிடித்துவிடும். பத்தொன்பது ஆண்டுகள் அந்தத் தராசோடு குடித்தனம் நடத்தினேன். என் மனைவி அதைத் தன் சக்களத்தி என்பாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று முதல் பத்து ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தராசுக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது. மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவன் மேலிருந்து தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். பொடுகு, எச்சில், கையுறையின் ரப்பர், துண்டு வெட்டப் போட்ட நொதி, எல்லாவற்றையும் எடை போட்டுப் பெயர் சொல்லும். எந்தச் சோதனை செய்தாலும் இந்த அழையா விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். அதனால் குப்பைப் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதில் பெயர் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு எந்த அறிக்கையிலும் அந்தப் புரதம் தலைகாட்டாது. கணினியே அடித்துவிடும்.

அந்தப் பட்டியலை உருவாக்கியவனும் நான்தான். அதில் நாற்பது பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயரையும் சேர்க்கும் முன் வெறும் தண்ணீரை வைத்துக் குறைந்தது ஆறு முறை சோதித்திருக்கிறேன். வெளியூர்க் கூடங்களிலிருந்து பிரதி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அதைத் திருத்தும் கடவுச்சொல் என் ஒருவனிடம்தான் இருந்தது, ஏனென்றால் வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் எங்கள் கூடத்தில் ஒருவர்கூட அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கக் கேட்டதில்லை. குப்பையை யார் பார்ப்பார்கள்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இளையவள். பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவள் குரல் கேட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும். முப்பத்தைந்தாவது வயதில் அவளுக்கு இடது கன்னத்தில் வலி வந்தது. பல்வலி என்று இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. முகத்துக்குப் போகும் நரம்பில் கோளாறு என்று பிறகுதான் தெரிந்தது. மின்விசிறிக் காற்று பட்டால் வலிக்கும். பல் துலக்கினால், சிரித்தால், தலையணையில் சாய்ந்தால் வலிக்கும். பேசினால் வலிக்கும் என்பதால் அவள் பேச்சை நிறுத்தினாள். டீச்சர் வேலையும் போனது. மாப்பிள்ளை அவளுக்கு எல்லாச் சாப்பாட்டையும் கூழாக அரைத்து உறிஞ்சுகுழாய் போட்டுக் கொடுப்பார். கேட்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவாள். ஒருநாள் எனக்கு எழுதிக் காட்டினாள்: "இவ்ளோ பெரிய மெஷின் வச்சிருக்கியே அண்ணா, இதுக்கு ஒண்ணு கண்டுபிடிக்க மாட்டியா?"

அந்த வரியைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

உயிரணுவின் சுவரில் சின்னஞ்சிறு வாயில்கள் இருக்கின்றன. உப்பில் உள்ள சோடியம், பொட்டாசியம் போன்றவை மின்னேற்றத்தோடு அவற்றின் வழியாகத்தான் போய்வரும். அயனி வாயில் என்பார்கள். அந்தக் கதவுகள் திறந்து மூடுவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் துடிக்கிறது. வலி நரம்புக்கென்று தனியாக ஒரு சோடியம் கதவு உண்டு. அதை மட்டும் மூடிவிட்டால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மட்டும் என்பதுதான் சிக்கல். உடம்பில் இதே சாயலில் பல கதவுகள் இருக்கின்றன. தப்பான கதவை மூடினால் ஆள் போய்விடுவான்.

எங்கள் வேலை முறை இது. மருந்தாகக்கூடிய மூலக்கூறை மிக நுண்ணிய மணிகளில் ஒட்டிக்கொள்வோம். அரைத்த நரம்புக் கரைசலை அந்த மணிகள் மேல் ஊற்றிக் கழுவுவோம். மூலக்கூறு எந்தப் புரதத்தைப் பிடிக்கிறதோ அது மட்டும் மணியோடு தங்கும், மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். தங்கியது எது என்று தராசு சொல்லும். மூன்று ஆண்டுகளில் முந்நூற்றுச் சொச்சம் மூலக்கூறுகளைப் பார்த்தேன். அவற்றில் முப்பத்தேழாம் எண் ஒன்றுதான் வலிக் கதவைப் பிடித்தது. நாங்கள் அதை முப்பத்தேழு என்றே கூப்பிட்டோம்.

கண்டுபிடித்தவன் நான். அறிவித்தவர் எங்கள் இயக்குநர். அவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் மைக் என்போம். நாலு பேர் கூடும் இடத்தில் மைக் இருந்தால் அவர் கைக்குத் தானாகப் போய்விடும். கருத்தரங்கில் அவர் முப்பத்தேழைப் பற்றி நாற்பது நிமிடம் வாய் கிழியப் பேசினார். வெளியான கட்டுரையில் ஒன்பது பெயர்கள், என்னுடையது ஏழாவது. எட்டாவது ஆள் மணிகளைச் சப்ளை செய்தவர். எனக்கு இதில் மனக்குறை எதுவும் இல்லை. அறிவியல் கூட்டு முயற்சி. கைத்தட்டலுக்கு அலைகிறவன் நான் இல்லை என்று என் மனைவியிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் மைக் என் அறைக்கே வந்தார், உட்காரவும் செய்தார்.

"பேஷண்டுக்குக் குடுத்துப் பாக்கற ஸ்டேஜுக்கு வந்துட்டோம். உங்க இதய ரிப்போர்ட் ஒண்ணுதான் பாக்கி. அது வந்துட்டா அடுத்த பேப்பர்ல உங்க பேரு முதல்ல. நானே சொல்றேன்."

"அதெல்லாம் பெரிசில்ல சார்" என்றேன்.

அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டீர்கள் என்பதால் சொன்னேன்.

இதய அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். இதயத்தில் ஒரு பொட்டாசியம் கதவு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் ஓய்வுக்குத் திரும்ப அது திறக்க வேண்டும். அது குறைந்தால் ஒருநாள் துடிப்பு தடுமாறி, முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடும். மருந்து அந்தக் கதவைத் தொடுகிறதா என்று மின்சாரம் வைத்து அளப்பவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். கெட்டிக்காரப் பெண்மணி. எல்லோரும் அவரை மின்னல் என்போம், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். மின்னலின் சோதனையில் முப்பத்தேழு சுத்தம். விலங்குகளிலும் சுத்தம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து நாள் கொடுத்துப் பார்த்ததிலும் சுத்தம்.

ஆனால் மனிதக் கல்லீரல் முப்பத்தேழைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாற்றுகிறது. விலங்குகளின் கல்லீரல் அதைச் செய்வதில்லை. அந்த மாறிய சரக்கையும் பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. இதய உயிரணுக்களை அதில் ஒரு வாரம் வைத்திருந்து, சுவரிலுள்ள புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தராசில் விட்டேன். பொட்டாசியம் கதவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. மணிகளில் ஒட்டிப் பார்த்தேன். அந்தச் சரக்கு, சுவருக்குப் போகாமல் உள்ளே கிடக்கும் புதுக் கதவுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. தச்சர் கதவைச் செய்து முடித்தும் வீட்டில் கொண்டுபோய் மாட்ட விடாமல் பட்டறையிலேயே யாரோ கட்டி வைத்ததைப் போல. மாட்டியிருக்கும் பழைய கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான் மின்னலின் சோதனை. அதில் இது தெரியாது. சில நிமிடங்களிலும் தெரியாது. பழைய கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போக நாள் பிடிக்கும்.

இவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அதைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் வரவில்லை, வந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

இன்னும் ஐந்து முறை செய்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஆறிலும் அதே. இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் முப்பத்தேழு அன்றோடு குப்பைக்குப் போகும். பிறகு இன்னொரு முந்நூறு மூலக்கூறு, இன்னொரு ஐந்தாண்டு. அதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். என் தங்கைக்கும் வயதாகிவிடும்.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பதினோரு மணிவாக்கில் குப்பைப் பட்டியலைத் திறந்தேன். நாற்பதாவது வரிக்குக் கீழே இதயக் கதவின் பெயரைத் தட்டினேன். சேமித்தேன். அறிக்கையை மறுபடி ஓட்டினேன். சுத்தமாக வந்தது. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

நான் எதையும் அழிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தராசின் மூலப் பதிவு முழுசாக இருக்கிறது. ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. பொய்க் கணக்கு எழுதுகிறவர்கள் மேல் எனக்கு அன்றும் மரியாதை இல்லை, இன்றும் இல்லை.

அறிக்கையைப் படித்துவிட்டு மின்னல் மட்டும் வந்து கேட்டார்.

"ஒரு வாரம் வச்சுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"கல்லீரல் மாத்தற சரக்கையும் போட்டா?"

"அதையும் போட்டுத்தான்."

"ஒண்ணுமே வரலையா?"

"அறிக்கையில என்ன இருக்கோ அதுதான்மா."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

இருபது நோயாளிகளுக்கு நாற்பது நாள் கொடுப்பதாகத் திட்டம். அனுமதிகள் எல்லாம் கிடைத்துத் தொடங்கவே இரண்டு ஆண்டு ஆனது. எல்லோரும் முக நரம்பு வலிக்காரர்கள். மாத்திரை தொடங்குகிற அன்று நான் மருத்துவமனைக்குப் போனேன். தராசுக்காரனுக்கு அங்கே வேலையே இல்லை. நம் சரக்கை விழுங்கும் முகங்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, போனேன்.

அங்கேதான் தையற்காரம்மாவைப் பார்த்தேன். பள்ளிச் சீருடைகள் தைப்பவர், ஐம்பதுக்குள் இருக்கும். நாலு ஆண்டாக வலி. வலது கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், யாராவது தெரியாமல் தொட்டுவிடுவார்களோ என்று. மருந்தைக் கண்டுபிடித்தவர் இவர் என்று யாரோ என்னைக் காட்டினார்கள். அவர் எழுந்து நின்றார். என் தொலைபேசி எண்ணை நானே கொடுத்தேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றேன்.

ஆறாம் நாள் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"சார், இன்னைக்கு மூஞ்சி கழுவினேன். சோப்புப் போட்டு. ரெண்டு தடவ."

"வலிக்கலையா?"

"இல்லையே. எங்க வீட்டுக்காரரு, போதும்டி, தோலு கழண்டுடும்னு திட்டறாரு."

சிரித்தார். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு தடவை கூப்பிட்டு அன்றைக்குப் புதிதாக என்ன செய்தார் என்று சொல்வார். ஆப்பிள் கடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போனது. கணவரோடு பழைய சண்டை ஒன்றை நாலு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வாய்விட்டுப் போட்டு முடித்தது. சார் என்றது எப்போது அண்ணாவாக மாறியது என்று நினைவில்லை. அந்த அழைப்புக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் என் வேலைக்காக எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்.

ஏழாம் நாள் எடுத்த இதய வரைபடம் எல்லோருக்கும் சரியாக இருந்தது. இருக்கத்தான் செய்யும். அடுத்தது இருபத்தெட்டாம் நாள் என்று அட்டவணை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் கூப்பிட்டார். வழக்கமான நேரம் இல்லை.

"அண்ணா, தைச்சிட்டு இருக்கும்போதே மயக்கம் போட்டுட்டேன். மெஷின் மேலயே சாஞ்சுட்டேனாம். பொண்ணு வந்து எழுப்பினா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்ங்கறா. அதுக்கு முன்னாடி நெஞ்சுக்குள்ள படபடன்னு அடிச்சுது. இத ஆஸ்பத்திரில சொல்லணுமா? சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு. அந்த வலி மறுபடி வந்தா நான் தாங்க மாட்டேன் அண்ணா. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்."

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. அவருடைய இதயச் சுவரில் எத்தனை கதவுகள் மிச்சம் இருக்கும் என்று என்னால் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்க முடியும். உலகத்தில் அன்று அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"காலைல சரியா சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"அவசரத்துல சாப்பிடல."

"அப்ப அதான். வெறும் வயித்துல குனிஞ்சு தைச்சா மயக்கம் வராம என்ன செய்யும். தண்ணி நிறையக் குடிங்க. இருபத்தெட்டாம் நாள் எப்படியும் பாக்கப் போறாங்க, அப்பச் சொல்லிக்கலாம்."

"அப்ப மாத்திரை?"

"விடாம போடுங்க."

"நல்லவேளை உங்களக் கேட்டேன்" என்றார்.

அவருக்கு நான் உதவி செய்ததாகவே அன்று மாலைவரை எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அவர் கேட்டது வலியில்லாத நாட்கள். நான் அதைப் பறிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நீங்களும் அதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

இருபத்தாறாம் நாள் காலை மாத்திரை போட்டுவிட்டு, சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார்.

இறந்த நான்காம் நாள் அவர் கணவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். பஸ் ஓட்டுபவர், கனத்த கைகள். வரவேற்பறையில் என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"பதினாலு மிச்சம் இருக்கு சார். யாராவது கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்க. அவ இருந்தா அதான் சொல்லியிருப்பா."

நான் வாங்கிக்கொண்டேன்.

"நாலு வருஷம் வீட்டுல பேச்சே கெடையாது. இந்த மூணு வாரம் விடாம பேசினா. எனக்குத்தான் கேட்டுக்கப் பொறுமை இல்லாம, செத்த சும்மா இருடின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு நல்லது நடக்கணும் சார்."

வாசல்வரை போய் வழியனுப்பினேன். மாத்திரைகளை மருத்துவமனையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் எனக்குச் சரியாகப் பசிக்கவில்லை.

தையற்காரம்மாவின் அம்மாவும் இதய நோயில் போனவர் என்று தெரிந்தது. சோதனையைக் கண்காணிக்கும் குழு கூடிப் பேசியது. மருந்துக்குச் சம்பந்தம் இருக்குமா என்று என்னிடம் எழுத்தில் கேட்டார்கள். பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அறிக்கையை ஓட்ட மூன்று நிமிடம் ஆகும். நான் வரியை எடுக்கவில்லை. அதே அறிக்கையை மறுபடி அச்சிட்டு, அன்றைய தேதி போட்டுக் கொடுத்தேன். சோதனை தொடர்ந்தது. முப்பத்து மூன்றாம் நாள் இன்னொருவர் போனார், ஓய்வுபெற்ற தபால்காரர். அவரோடு நான் பேசியதில்லை.

இரண்டாவது சாவுக்குப் பிறகு மின்னல் யாரிடமும் சொல்லாமல் மூலப் பதிவை எடுத்து, குப்பைப் பட்டியலைக் கழிக்காமல் ஓட்டியிருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகளில் அப்படிச் செய்த முதல் ஆள். ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"இது எப்படி சார் குப்பைக்குள்ள போச்சு?"

நான் தாளைப் பார்த்தேன். எல்லாத் துண்டுகளும் வரிசையாக வந்திருந்தன. நல்ல பதிவு.

"தோலும் பொடுகும் இருக்கற லிஸ்ட்ல இதயத்த எழுதியிருக்கீங்க" என்றார். "நான் வந்து கேட்டேன். இதே இடத்துல நின்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீங்க பாத்தா சரியா இருக்கும்னு சொல்லிட்டுப் போனேனே, என்னச் செருப்பால அடிக்கணும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்று மாலையே உங்களிடம் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தத் தராசை எங்கள் குழு மட்டும் பயன்படுத்தவில்லை. வேறு மூன்று குழுக்களும் இதயச் சோதனைக்குச் சரக்கு அனுப்புவார்கள். பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான். நான் அந்தப் பெயரைச் சேர்த்த நாளிலிருந்து மின்னல் பார்த்த நாள்வரை இரண்டே கால் ஆண்டு. அதற்குள் இருபத்து மூன்று மருந்துகள் அந்தத் தராசு வழியாகப் போயிருக்கின்றன. இருபத்து மூன்றுக்கும் இதயத்தில் பிழையில்லை என்று அறிக்கை போயிருக்கிறது. அவற்றில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வரியை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் எடுத்த தேதி பதிவாகும், சேர்த்த தேதியையும் யாராவது தேடுவார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது தேதிக்கு வருகிறேன். அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

தங்கைக்கு அந்த ஆண்டு ஜனவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு துளை. நரம்பின்மேல் ஒரு இரத்தக் குழாய் அழுத்திக்கொண்டிருந்ததாம், நடுவில் ஒரு மெத்தைத் துண்டு வைத்துப் பிரித்துவிட்டார்கள். நாலாம் நாள் பேசினாள். பிப்ரவரி கடைசியில் பள்ளிக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டியது மார்ச் பதினொன்று. இந்த வரிசை சரிதான், நீங்கள் மருத்துவமனைப் பதிவில் பார்த்தது சரிதான். அவளுக்கு அப்போது வலி இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஆனாலும் ஆறு ஆண்டு அவளுக்காகத் தேடியவன் ஒரு மாதத்தில் நிறுத்திவிட முடியாது. மனம் அப்படி வேலை செய்வதில்லை. இது ஏன் யாருக்கும் விளங்கவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நேற்று அவள் என்னைப் பார்க்க வந்தாள். நீங்களும் அறையில் இருந்தீர்கள். என் முதல் வாக்குமூலத்தின் பிரதியைப் படித்திருக்கிறாள். உட்காரவில்லை.

"எனக்காகச் செஞ்சேன்னு எழுதியிருக்க."

"உனக்காகத்தான்."

"நான் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திட்டு இருந்தேன் அண்ணா அன்னைக்கு. எனக்கு ஒரு மாத்திரையும் வேண்டியிருக்கல. உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே நீதான்." அவள் குரல் பழையபடி கணீரென்று இருந்தது. "அந்தம்மா மயக்கம் போட்டேன்னு உன்னக் கேட்டுச்சாமே. உன்ன நம்பி. என் பேர அதுல இழுக்காத. அத எடுக்கச் சொல்லு."

அவள் போய்விட்டாள்.

நான் தெரிந்தே செய்தேன். அந்த அம்மா இறந்துவிடுவார் என்று தெரிந்தே மாத்திரையை விடாமல் போடச் சொன்னேன். தபால்காரரும் அப்படித்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. நீங்கள் நீட்டிய தாளில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஆட்சேபணை. 'தங்கைக்காக' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதைத் திரும்ப எழுதிக் கொடுங்கள். அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.